ஒரு மணி நேர உள்ளூர் வானொலி இதழ்: கலைப் பகுதி வாராவாரம் வெட்டுப்படுகிறது, நேரடி இசை வானொலிப் பெட்டியில் மெலிகிறது. எப்படிச் சரிசெய்வது?

காற்றலை (கேள்வி)

வாரம் ஒருமுறை நேரலையாகப் போகும் உள்ளூர் வானொலி இதழ். செய்தி அறிக்கை, அறிவிப்புகள் கழித்து கையில் இருப்பது 56 நிமிடம். நடப்பு நிகழ்வு, அறிவியல், கலை, கடைசியில் ஸ்டுடியோவிலேயே நேரடி இசை என்பது வரிசை. இரண்டு தொகுப்பாளர்கள், ஒரு தயாரிப்பாளர், ஒலிப்பலகையில் ஒருவர். ஸ்டுடியோ ஒன்றுதான்; கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டுப்பாட்டு அறை.

சிக்கல்கள் இவை. நடப்பு நிகழ்வு நேர்காணல் இழுத்துக்கொண்டே போகிறது, அந்தக் கடனைக் கலைப் பகுதி அடைக்கிறது. 10 நிமிடம் எழுதி வைத்தால் 4 நிமிடம் கிடைக்கிறது. அறிவியல் பகுதி வகுப்பறைப் பாடம் போல ஒலிக்கிறது. நேரடி இசை ஹெட்ஃபோனில் நன்றாக இருக்கிறது, ஆனால் சின்ன வானொலிப் பெட்டியில் கேட்டால் கிட்டார் மெலிந்து, பாடகரின் "ஸ", "ஷ" எல்லாம் சீறுகின்றன. பேச்சிலிருந்து பாட்டுக்குப் போனால் ஒலியைக் குறைக்க வேண்டியிருக்கிறது, பேச்சு திரும்ப வந்தால் கூட்ட வேண்டியிருக்கிறது.

எத்தனை நிமிடம், எத்தனை டெசிபல், எங்கே தவறு நடக்கிறது என்ற அளவில் சொன்னால் அடுத்த வாரமே செய்து பார்க்க முடியும்.

ஃபேடர்முனை

நேரச் சிக்கலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நேர்காணல் நீள்வது இயல்பு, அதை முழுக்கத் தடுக்க முடியாது. நீள்வதைத் தாங்கும் இடம் எங்கே இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் பட்டியலில் அந்த இடம் கலைப் பகுதியாக இருக்கிறது. அதனால்தான் வெட்டு அங்கே விழுகிறது.

பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். 56:00க்கு முடிய வேண்டும். விடைபெறுதல் 1 நிமிடம், ஆக 55:00க்குத் தொடங்க வேண்டும். கடைசிப் பாட்டு 4:20 என்றால் அது 50:40க்குத் தொடங்க வேண்டும். அதற்கு முன் இசைக்கலைஞரோடு 3 நிமிடப் பேச்சு, 47:40. முதல் பாட்டு 4:40, எனவே 43:00. கலைப் பகுதிக்கு முழுதாக 10 நிமிடம் கொடுத்தால் 33:00. இந்த 33:00தான் உங்கள் வாசற்கதவு. அதற்கு முன்னால் என்ன எரிந்துகொண்டிருந்தாலும் 33:00க்குக் கலை தொடங்கியாக வேண்டும்.

இப்போது முன்னாலிருந்து: முகப்பிசையும் தலைப்புகளும் 1 நிமிடம், நடப்பு நிகழ்வு 13, ஒரு பதிவுப் பாட்டு 4, அறிவியல் 9, வார நிகழ்ச்சிக் குறிப்புகள் 2. கூட்டினால் 29. கதவுக்கு முன் 4 நிமிடம் மிச்சம். அதைச் சும்மா விட்டுவைக்காதீர்கள், அங்கே 3 நிமிடத்துக்கு வெட்டக்கூடிய ஒரு தனித்துண்டை வையுங்கள்: பதிவுசெய்த ஒரு சிறு ஒலிச்சித்திரம், அல்லது அடுத்த வாரமும் பழசாகாத ஒரு குறிப்பு. நேர்காணல் 3 நிமிடம் மிஞ்சினால் அந்தத் துண்டு போய்விடும், வேறு எதுவும் நகராது. மிஞ்சவில்லையென்றால் அது ஒலிபரப்பாகும். பாக்கி 1 நிமிடம் வாய்தவறல், தாமத இணைப்பு போன்றவற்றுக்கு. நான்கு நிமிடத்துக்கும் மேல் மிஞ்சினால் அடுத்து வெட்டுப்படுவது பதிவுப் பாட்டு. இந்த வரிசையை நிகழ்ச்சிக்கு முன்பே தாளில் எழுதி நால்வரும் வைத்திருக்க வேண்டும். நேரலையின் நடுவே "எதை எடுக்கலாம்?" என்று பேசத் தொடங்கினால் அதற்கே 1 நிமிடம் போகும்.

விருந்தினரிடம் மைக் திறப்பதற்கு முன்பே "நமக்கு 8 நிமிடம், கடைசி நிமிடத்தில் கை உயர்த்துவேன்" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வெட்டினால் அவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவார். கட்டுப்பாட்டு அறையிலிருந்து தொகுப்பாளர் காதில் 2 நிமிடம், 1 நிமிடம், 30 நொடி என்று மூன்றே அறிவிப்பு போதும். கடைசி நிமிடத்தில் "ஏன்", "எப்படி" என்று தொடங்கும் கேள்வி கூடாது. "எந்தத் தேதிக்குள்?", "ஆமா, இல்லையா?" போன்ற கேள்விதான் நேரத்துக்குள் மூடும்.

முடிவைச் சுத்தமாக நிறுத்த ஒரு பழைய உத்தி: நிறைவு இசை 1:30 நீளம் என்றால், ஃபேடரை (பலகையில் ஒலியளவை ஏற்றி இறக்கும் தள்ளுகுமிழ்) மூடிவைத்து 54:30க்கே ஓடவிடுங்கள். 55:00க்கு விடைபெறும் பேச்சின் அடியில் மெல்லத் திறவுங்கள். யார் எவ்வளவு பேசினாலும் இசை தன் இயல்பான முடிவோடு 56:00க்கு நிற்கும். நடுவில் கத்தரித்த மாதிரி கேட்காது.

இன்னொன்று. ஸ்டுடியோ ஒன்றே என்பதால் கலைப் பகுதியை முன்பதிவுத் தொகுப்பாக வைப்பதில் இரட்டை லாபம். 33:00 முதல் 43:00 வரை ஸ்டுடியோ மைக்குகள் மூடியிருக்கும், இசைக்குழு அந்த 10 நிமிடத்தில் உள்ளே வந்து உட்காரலாம். ஆனால் சுருதி சேர்ப்பதும் லெவல் பார்ப்பதும் நிகழ்ச்சிக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். மைக் ஸ்டாண்டு நின்ற இடத்தையும் இருக்கையையும் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவையுங்கள்.

சோதனைக்குழாய்

அறிவியல் பகுதி பாடமாக மாறுவதற்குப் பெரும்பாலும் முதல் கேள்விதான் காரணம். "உங்கள் ஆய்வைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் விஞ்ஞானி தன் சொற்பொழிவைத் தொடங்குவார், அது துறையின் வரலாற்றிலிருந்து ஆரம்பிக்கும். "எதை எண்ணினீர்கள்? எங்கே நின்று எண்ணினீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். வேலை கண்முன் வரும், விளக்கம் அதன் பின்னால் தானாக வரும்.

பதிவுக்கு முந்தைய நாள் 15 நிமிடம் தொலைபேசியில் பேசிவிடுங்கள். கேட்க வேண்டியவை: எத்தனை மாதிரி, எதோடு ஒப்பிட்டது, எத்தனை நாள், பணம் யார் கொடுத்தது, எந்த முடிவு வந்திருந்தால் நீங்கள் மனம் மாற்றியிருப்பீர்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் பெரும்பாலும் நேர்காணலின் உயிர். ஆனால் இந்த அழைப்பில் அவர் சொன்ன நல்ல உவமையை அங்கேயே புகழ்ந்துவிடாதீர்கள். மறுநாள் "நேற்று சொன்ன மாதிரி" என்று தொடங்குவார், நேயர் நேற்று அங்கே இல்லை.

6 நிமிடம் வேண்டுமானால் 20 நிமிடம் பதிவு செய்யுங்கள். அதோடு அந்த ஆய்வில் பங்கில்லாத இன்னொருவர் 40 நொடி: இந்த முடிவு எவ்வளவு தாங்கும், எங்கே தாங்காது. முன்னுரையும் பிற்சேர்க்கையும் சேர்த்து 9 நிமிடம் ஆகிவிடும்.

எண்களில் நடக்கும் தவறுகள் வழக்கமானவை. "ஆபத்து 50 சதவீதம் கூடுகிறது" என்ற வரி வந்தால் எதிலிருந்து எதற்கு என்று கேளுங்கள். 10,000 பேரில் 2 பேருக்கு வந்தது 3 பேருக்கு ஆனாலும் 50 சதவீத உயர்வுதான். நேயருக்கு வேண்டியது "2 பேர், 3 பேர்". அதே போல 4 சதவீதம் 6 சதவீதமானால் அது 2 சதவீதப் புள்ளி உயர்வு, ஆனால் 50 சதவீத அதிகரிப்பு. இரண்டையும் கலக்கக் கூடாது. ஆங்கிலச் செய்திக்குறிப்பிலிருந்து எடுக்கும்போது 1 மில்லியன் 10 இலட்சம், 1 பில்லியன் 100 கோடி. இங்கே ஒரு சுழியம் தவறி ஒலிபரப்பாவது மிகச் சாதாரணமாக நடக்கிறது, எனவே மாற்றிய எண்ணை இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்த்தே ஆக வேண்டும்.

சொற்களிலும் கவனம். கதிர்வீச்சு வேறு, கதிரியக்கம் வேறு. சூரிய ஒளியும் கைபேசி அலையும் முதலாவதுதான். கருதுகோள் என்பது இன்னும் சோதிக்க வேண்டியது, கோட்பாடு என்பது பல சோதனைகளைத் தாண்டி நிற்பது. புள்ளியியலில் "குறிப்பிடத்தக்க" வேறுபாடு என்றால் அது பெரிய வேறுபாடு என்று பொருளில்லை, தற்செயலாக வந்திருக்க வாய்ப்புக் குறைவு என்றுதான் பொருள். தொகுப்பாளர் இதை விரித்துச் சொல்ல வேண்டும்.

முன்வெளியீட்டுத் தளங்களில் கிடைக்கும் கட்டுரை (இயற்பியலுக்கு ஆர்க்கைவ் 1991 முதல், மருத்துவத்துக்கு மெட்ஆர்க்கைவ் 2019 முதல் இருக்கிறது) சக அறிஞர் மதிப்பாய்வுக்கு முந்தையது. எடுத்துப் பேசலாம், ஆனால் மதிப்பாய்வு ஆகவில்லை என்பதை முன்னுரையிலேயே சொல்ல வேண்டும், கடைசி வரியில் அல்ல. ஆய்விதழ்களுக்குச் செய்தித் தடைநேரம் உண்டு, அது முடியும்வரை கட்டுரையைப் பற்றிச் செய்தி வெளியிடக் கூடாது. நேச்சர் இதழின் கட்டுரைகளுக்கு அது பொதுவாகப் புதன்கிழமை லண்டன் நேரம் மாலை 4 மணிக்கு விலகும். உங்கள் நிகழ்ச்சி புதன் காலை என்றால் அந்த வாரக் கட்டுரையை நீங்கள் தொட முடியாது. ஆனால் அடுத்த வாரம் ஊரே பேசி முடித்த பிறகு நிதானமாக, உள்ளூர் ஆய்வாளரை வைத்துப் பேசலாம். வார இதழ் நிகழ்ச்சிக்கு அதுவே நல்லது என்பது என் கருத்து.

கடைசியாக, அறிவியலை 9 நிமிட அறைக்குள் பூட்டாதீர்கள். ஊர் ஏரியில் மீன் செத்து மிதந்தால் அது நடப்பு நிகழ்வு. "நீரைச் சோதித்தோம், இயல்பாக இருக்கிறது" என்று அதிகாரி சொன்னால் மாதிரி எடுத்த மணி என்ன என்று தொகுப்பாளருக்குக் கேட்கத் தெரிய வேண்டும். பாசி மண்டிய நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் விடியலுக்குச் சற்று முன்தான் மிகக் குறைவாக இருக்கும். இரவு முழுக்கப் பாசியும் தாவரமும் சுவாசிக்கும், ஒளிச்சேர்க்கை இருக்காது. பிற்பகல் 3 மணிக்கு எடுத்த மாதிரி நல்ல எண்ணைத்தான் காட்டும். காற்று மாசு அளவும் அப்படித்தான். உலக சுகாதார அமைப்பின் 2021 வழிகாட்டுதலில் பி.எம். 2.5 எனப்படும் நுண்துகளுக்கு ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம், 24 மணி நேரச் சராசரி 15. ஒரு நொடி அளவை எடுத்து ஆண்டு வரம்போடு ஒப்பிட்டால் பத்து மடங்கு பயமுறுத்தலாம், ஆனால் அந்த ஒப்பீடே தவறு.

ஒற்றைஒலி

கிட்டார் மெலிவதும் "ஸ" சீறுவதும் இரண்டு தனித் தனிக் காரணங்கள்.

மெலிவுக்குக் காரணம் ஒற்றை ஒலி, அதாவது மோனோ. எஃப்.எம். ஸ்டீரியோவில் இடது, வலது இரண்டின் கூட்டல் ஓர் இடத்திலும், கழித்தல் 38 கிலோஹெர்ட்ஸ் துணை ஊர்தியிலும் (அதைச் சுமக்கும் கூடுதல் அலை) போகிறது. சின்னப் பெட்டி கூட்டலை மட்டும் எடுத்துக்கொள்ளும். உங்கள் இரண்டு மைக்குகளுக்கு ஒரே கிட்டார் வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்ந்தால் கூட்டும்போது சில அதிர்வெண்கள் அடிபட்டுப் போகும். ஒலி ஒரு மில்லி விநாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் போகிறது. இரண்டு மைக்குக்கும் தூர வேறுபாடு 34 சென்டிமீட்டர் என்றால் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகக் குழி விழும். முதல் குழி கிட்டாரின் உடல் இருக்கும் இடத்திலேயே விழுகிறது. ஹெட்ஃபோனில் இடது காதும் வலது காதும் பிரிந்திருப்பதால் இது தெரியவே தெரியாது.

தீர்வு: பாடகர் மைக் வாயிலிருந்து 10 சென்டிமீட்டர் என்றால் அடுத்த மைக் குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மூன்று மடங்கு விதி என்பது இதுதான். கிட்டாருக்குச் சிறிய கண்டென்சர் மைக், 12ஆம் கட்டையை நோக்கி 20 முதல் 30 சென்டிமீட்டரில். ஒலித்துளைக்கு நேராக வைத்தால் "பூம்" என்று ஊதும். அதைச் சரிசெய்ய ஈக்வலைசரைத் திருகுவதைவிட மைக்கை நான்கு விரற்கடை நகர்த்துவது மேல். ஸ்டீரியோ ஜோடி வேண்டுமென்றால் இரண்டு கார்டியாய்டு (முன்பக்க ஒலியையே அதிகம் வாங்கும்) மைக் தலைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக 90 பாகையில் வையுங்கள். ஒரே புள்ளியில் இருப்பதால் ஒற்றை ஒலியில் எதுவும் தொலையாது. அகலமாகப் பிரித்து வைத்த ஜோடி வானொலிக்கு ஆபத்து.

கார்டியாய்டு மைக்கின் காது கேளாத பக்கம் அதன் முதுகு. பாடகர் மைக்கின் முதுகு தோல் வாத்தியத்தைப் பார்க்கும்படி உட்கார வையுங்கள். அதாவது இருவரும் எதிரெதிரே. இருவரும் கண்ணால் தாளம் பார்த்துக்கொள்ளவும் வசதி. சின்ன அறையின் எதிரொலியை அடக்க தடிமனான போர்வை தொங்கவிடுவதானால் பாடகரின் முதுகுப் பக்கம் தொங்கவிடுங்கள். பலர் மைக்குக்குப் பின்னால் தொங்கவிடுகிறார்கள். மைக் பார்த்துக்கொண்டிருப்பது பாடகருக்குப் பின்னால் உள்ள சுவரை அல்லவா?

லெவல்: குழுவின் மிக உரத்த பகுதியை வாசிக்கச் சொல்லி, டிஜிட்டல் முழு அளவுக்கு 12 டெசிபல் கீழே உச்சம் நிற்கும்படி வையுங்கள். பிறகு இன்னும் 3 டெசிபல் இறக்குங்கள். ஒலிபரப்பில் எல்லோரும் சோதனையைவிட உரக்கத்தான் வாசிப்பார்கள். 24 பிட் பதிவில் இந்த இறக்கத்தால் எந்த நட்டமும் இல்லை.

இனி "ஸ". எஃப்.எம்.மில் இரைச்சலைக் குறைக்க உயர் அதிர்வெண்ணை முன்கூட்டியே தூக்கி அனுப்புகிறோம், வாங்கும் பெட்டி அதைத் திரும்ப இறக்குகிறது. இந்தத் தூக்கலுக்கு இரண்டு முறைகள் உண்டு: 50 மைக்ரோ விநாடி முறையில் 15 கிலோஹெர்ட்ஸில் சுமார் 14 டெசிபல், 75 மைக்ரோ விநாடி முறையில் சுமார் 17 டெசிபல். ஸ்டுடியோவில் பாடகர் குரலுக்குப் "பளபளப்பு" வேண்டும் என்று 8 கிலோஹெர்ட்ஸில் 4 டெசிபல் சேர்த்தீர்களென்றால் அது தூக்கலுக்கு மேல் தூக்கல். ஒலிபரப்புக் கருவியின் லிமிட்டர் (ஒலி வரம்பு மீறாமல் தடுப்பது) அதைப் பிடித்து நசுக்கும், அந்த நசுங்கலைத்தான் சீறலாகக் கேட்கிறீர்கள். எனவே மேல் அதிர்வெண்ணைக் கூட்டாதீர்கள். 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸில் டி-எஸ்ஸர் (சீறலை மட்டும் அடக்கும் கருவி) 3, 4 டெசிபல் அளவுக்கு மட்டும் போடுங்கள். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் 20, 30 பாகை சாய்த்து வைத்தால் பாதிச் சீறல் அங்கேயே போய்விடும்.

பேச்சும் பாட்டும் ஏறி இறங்குவதற்கு: உச்ச மீட்டரைப் பார்த்து இரண்டையும் சமப்படுத்தியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உச்சம் வேறு, காதுக்குத் தெரியும் உரப்பு வேறு. ஏற்ற இறக்கத்தைக் குறைத்து அழுத்திச் செய்யப்பட்ட பாட்டும் சாதாரணப் பேச்சும் ஒரே உச்சத்தில் இருந்தால் பாட்டு பல டெசிபல் உரத்துக் கேட்கும். உரப்பு மீட்டர் போடுங்கள். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் ஆர் 128 பரிந்துரை (2010) நிகழ்ச்சி முழுமைக்கும் மைனஸ் 23 எல்.யூ.எஃப்.எஸ். (உரப்பை அளக்கும் அலகு) என்கிறது. வேறு இலக்கு உங்கள் நிலையத்தில் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம், முக்கியம் ஒரே இலக்கு. பேச்சை அந்த இலக்கில் வையுங்கள், பேச்சுக்கு நடுவே வரும் பாட்டை 1 அல்லது 2 அலகு தாழ்த்துங்கள். பேச்சின் அடியில் ஓடும் இசை பேச்சைவிடக் குறைந்தது 15 டெசிபல், முடிந்தால் 20 டெசிபல் கீழே. காது மங்கிய முதியவர்களுக்கு இந்த இடைவெளி இல்லையென்றால் சொற்கள் கரைந்துவிடும். அறிவியல், நடப்பு நிகழ்வுப் பேச்சின் அடியில் இசையே வேண்டாம் என்பேன்.

பலகையில் "மோனோ" பொத்தான் இருந்தால் ஒலிச்சோதனையின் போது அழுத்திக் கேளுங்கள். அதைவிட நல்லது கட்டுப்பாட்டு அறையில் ஒரு சின்ன ஒற்றை ஸ்பீக்கர் வானொலி.

செவிவழி

ஃபேடர்முனை சொன்ன கணக்கு சரி, ஆனால் நடப்பு நிகழ்வுதான் முதலில் வர வேண்டும் என்பதை அவர் கேள்வி கேட்காமலே ஏற்றுக்கொண்டுவிட்டார். ஊரில் அந்த வாரம் எது பெரிதோ அது முதலில் வரட்டும். நாற்பது ஆண்டு ஓடிய நாடக அரங்கம் மூடப்படுகிறது என்றால் அது கலைப் பகுதிக்குக் காத்திருக்க வேண்டிய சங்கதியா? 33:00 கதவை அப்படியே வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் இடம் மாற்றலாம், கணக்கு கெடாது. ஒன்று மட்டும், இசைக்குழு உள்ளே வரும் 10 நிமிடம் முன்பதிவாகவே இருக்க வேண்டும்.

எழுத்து நடையைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன். தமிழில் வினை கடைசியில் வருகிறது, "என்று" அதற்குச் சற்று முன்னால்தான் வருகிறது. "குடிநீர்த் திட்டத்தில் ஒதுக்கிய பணம் வேறு வேலைக்குத் திருப்பிவிடப்பட்டது என்று எதிர்த்தரப்பு உறுப்பினர் குற்றம் சாட்டினார்." இதைத் தாளில் படிக்கிறவர் ஒரே பார்வையில் முழுதையும் பார்த்துவிடுவார். காதால் கேட்கிறவருக்கு "என்று" வரும்வரை அது நிலையமே சொல்லும் உண்மை. பாதியில் கதவு தட்டினால் அந்த உண்மையோடு எழுந்துபோவார். எனவே சொல்பவரை முதலில் வையுங்கள்: "எதிர்த்தரப்பு உறுப்பினரின் குற்றச்சாட்டு இது: குடிநீர்த் திட்டப் பணம் வேறு வேலைக்குப் போயிருக்கிறது." அடுத்த வரியிலேயே மறுதரப்பின் பதில், அல்லது எப்போது கேட்டோம், பதில் வந்ததா என்ற விவரம். பதிலை நிகழ்ச்சியின் வேறு மூலையில் வைத்தால் அது பதிலாகாது.

ஒரு வாக்கியத்துக்கு ஒரே சங்கதி, ஒரே எண். "மேற்கண்ட", "முன்னது, பின்னது", "முறையே" எல்லாம் கண்ணுக்கானவை, காதுக்கு அல்ல. தொண்ணூறும் தொள்ளாயிரமும், எழுபதும் எண்பதும் அவசரத்தில் ஒன்றாகக் கேட்கும். அப்படிப்பட்ட எண்ணை வேறு வடிவில் ஒருமுறை திரும்பச் சொல்லுங்கள்: "தொள்ளாயிரம் வீடு, கிட்டத்தட்ட ஆயிரம்." தமிழ்ச் சொற்கள் ஒட்டி ஒட்டி நீள்வதால் ஆங்கிலக் கணக்கில் நிமிடத்துக்கு 150, 160 சொல் என்று எழுதினால் மூச்சு முட்டும். 100 முதல் 110 சொல் என்று தொடங்கி, ஒவ்வொரு தொகுப்பாளரும் ஒரே பக்கத்தை உரக்கப் படித்து நேரம் குறித்து, அவரவர் வேகத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். மனதுக்குள் படித்துக் குறித்த நேரம் எப்போதும் குறைவாகவே காட்டும்.

தவறு ஒலிபரப்பாகிவிட்டால் அதே நிகழ்ச்சிக்குள் திருத்துங்கள். தவறான எண்ணைத் திரும்பச் சொல்லாமல் சரியானதை மட்டும் இரண்டு முறை சொல்லுங்கள். காதில் தங்குவது கடைசியாகக் கேட்டது.

தூரிகை

கலைப் பகுதிக்கு 10 நிமிடம் மீட்டுக் கொடுத்தாயிற்று, அதில் என்ன வைப்பது என்பதும் முக்கியம். ஓவியக் கண்காட்சியைப் பற்றி ஓவியரும் தொகுப்பாளரும் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசினால் நேயருக்கு ஓவியமும் இல்லை, ஒலியும் இல்லை. ஓவியத்தின் முன்னால் நின்று பதிவு செய்யுங்கள். முதல் கேள்வி "இதில் எங்கே முதலில் கண் போக வேண்டும்?" என்று இருக்கட்டும். அளவை உடலோடு சொல்லச் சொல்லுங்கள்: "ஆள் உயரம்", "உள்ளங்கை அகலம்". நிறத்தைப் பெயரால் சொல்லாமல் எதன் நிறம் என்று சொல்லச் சொல்லுங்கள்.

செய்யும் ஒலி ஒவ்வொரு கலைக்கும் உண்டு. உளி கல்லில் இறங்குவது, களிமண்ணைப் பிசைவது, நடன ஒத்திகையில் கால் தரையில் விழுவது. அருகில் வைத்து 2 நிமிடம், பத்தடி தள்ளி 2 நிமிடம், யாரும் பேசாமல் அறையின் வெறும் ஒலி 1 நிமிடம். கடைசி ஒரு நிமிடத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள், பிறகு பேச்சை வெட்டி ஒட்டும்போது ஒவ்வொரு வெட்டிலும் பின்னணி குதிக்கிறது. செய்யும் ஒலி 6, 7 நொடி தனியாக ஒலித்த பிறகு குரல் வரட்டும். முன்னுரையில் "இப்போது கேட்பது உளியின் ஒலி" என்று சொல்லிவிடாதீர்கள், நேயர் ஊகிக்கும் அந்தச் சில நொடிகள்தான் அவரைப் பிடித்து வைக்கும்.

விமர்சனமும் வேண்டும். உள்ளூர்க் கலைஞர் என்பதால் பாராட்டு மட்டும் ஒலிபரப்பினால் மூன்றாம் வாரம் யாரும் நம்ப மாட்டார்கள். நாடகத்தைப் பார்த்த ஒருவர் 2 நிமிடம், எது வேலை செய்தது, எது செய்யவில்லை, ஏன் என்று சொல்லட்டும். நாடகக் குழுவைச் சேர்ந்தவர், அவர்களோடு பணத் தொடர்பு உள்ளவர் அந்த இடத்துக்குக் கூடாது.

நேரடி இசை என்றாலும் பாடலின் இயற்றுரிமை இருக்கும். ஒலிப்பதிவின் உரிமை தனி, சொல்லுக்கும் மெட்டுக்குமான உரிமை தனி. ஸ்டுடியோவில் பாடினால் முதலாவது வராது, இரண்டாவது வரும். பாடலின் பெயர், இயற்றியவர், மெட்டமைத்தவர், ஒலித்த நேரம் நிமிடம் நொடியாக, எல்லாவற்றையும் அன்றே தாளில் எழுதுங்கள். நிகழ்ச்சியைப் பிறகு இணையத்தில் வைப்பதற்கு ஒலிபரப்பு உரிமம் மட்டும் போதாமல் போகலாம், கலைஞரிடம் அதற்கும் சேர்த்து முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

காற்றலை

33:00 கதவு இந்த வாரமே போடுகிறோம். பாடகர் மைக்கும் கிட்டார் மைக்கும் 15 சென்டிமீட்டர் இடைவெளியில்தான் இருந்தன, மெலிவின் காரணம் புரிந்தது.

ஒரு கேள்வி மிச்சம். நேயரைத் தொலைபேசியில் நேரலைக்குள் எடுத்தால் அவர் குரல் அவருக்கே தாமதமாகத் திரும்பக் கேட்கிறது என்கிறார், திக்கித் திக்கிப் பேசுகிறார். சில சமயம் ஊளையும் எழுகிறது. அழைப்பு கணினி வழியாக வருகிறது.

ஒற்றைஒலி

நிகழ்ச்சியின் முழுக் கலவையையும் அவருக்கு அனுப்புகிறீர்கள், அதில் அவர் குரலும் இருக்கிறது. அவருக்குப் போக வேண்டியது அவர் குரல் நீங்கலான கலவை. பலகைகளில் இதை மிக்ஸ் மைனஸ் என்பார்கள். சிறிய பலகையில் அதற்கென்று தனி வெளியீடு இருக்காது. துணை அனுப்பு (ஆக்ஸ், அதாவது தனிக் கலவையை வெளியே அனுப்பும் வழி) ஒன்றை எடுத்து, தொகுப்பாளர் மைக், விருந்தினர் மைக், இசை எல்லாவற்றையும் அதில் ஏற்றுங்கள். அழைப்பு வரும் தடத்தின் துணை அனுப்புக் குமிழை மட்டும் முழுதாக மூடிவிடுங்கள். அந்தத் துணை வெளியீட்டைக் கணினியின் ஒலி உள்ளீட்டில் செருகுங்கள். இரண்டு அழைப்பாளர்கள் ஒரே நேரத்தில் என்றால் ஆளுக்கொரு துணை அனுப்பு வேண்டும், இல்லையென்றால் அவர்கள் ஒருவரையொருவர் கேட்க முடியாது.

துணை அனுப்பு ஃபேடருக்கு முன்பிருந்து எடுப்பதா பின்பிருந்தா என்று குழப்பம் வரும். பேச்சு மைக்குகளுக்கு முன்பிருந்து எடுத்தால் ஒலிபரப்புக்கு முன்னும் அவரோடு பேசலாம்; ஆனால் நீங்கள் ஃபேடரை மூடிய பிறகும் ஸ்டுடியோவில் பேசுவது அவர் காதில் விழும். இதைத் தொகுப்பாளர்களிடம் சொல்லிவையுங்கள்.

இதற்குப் பிறகும் எதிரொலி இருந்தால் அவர் வீட்டில் வானொலி ஓடுகிறது. இணையவழி ஒலிபரப்பு பல நொடிகள் பின்தங்கி வரும் என்பதால் அதைக் கேட்டுக்கொண்டு பேசினால் எதிரொலி இன்னும் மோசம். இணைப்பதற்கு முன் வானொலியை அணைக்கச் சொல்வதும், ஸ்பீக்கர் முறையில் பேச வேண்டாம் என்று சொல்வதும் தயாரிப்பாளர் வேலை.

பழைய தொலைபேசி இணைப்பு 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் தரும், அதை ஈக்வலைசரால் செழிக்க வைக்க முடியாது. 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, உரப்பை மட்டும் தொகுப்பாளரோடு சமப்படுத்துங்கள். அறிவியல் விருந்தினர் போன்ற முன்பதிவு அழைப்பென்றால் வேறு வழி இருக்கிறது: தன் கைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துத் தன் குரலை அங்கேயே பதிவு செய்து கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள், பேசுவது வேறொரு கருவியில் காதுக்கருவி போட்டு நடக்கட்டும். தொடக்கத்தில் இருவரும் சேர்ந்து ஒரு கைதட்டு. இரண்டு கோப்பிலும் அந்தத் தட்டு உச்சத்தை ஒட்டவைத்தால் போதும். 20 நிமிடத்துக்கு மேல் போனால் இரண்டு கருவிகளின் கடிகாரமும் சற்று விலகும், அதனால் முடிவிலும் ஒருமுறை கைதட்டச் சொல்லுங்கள். அவர் கோப்பு வந்து சேராமல் போகலாம் என்பதால் உங்கள் பக்கத்து அழைப்புப் பதிவை ஒலிபரப்பு முடியும்வரை அழிக்க வேண்டாம்.